நான்காம் உலைக்கு மேலே 5,000 டன்

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை. அதிகாலை 1.23 மணிக்குச் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்திருந்தது. அன்று பொழுது சாய்ந்த பிறகு, உலையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்த பிரிப்யாத் நகருக்கு ஒரு ராணுவ ஜெனரல் வந்து சேர்ந்தார். பெயர் நிகோலாய் அந்தோஷ்கின். கீவ் ராணுவ மண்டல விமானப்படையின் தலைமை ஸ்டாஃப் அதிகாரி. வயது 43.

அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் போரிஸ் ஷெர்பினா. சோவியத் துணைப் பிரதமர், விபத்தை விசாரிக்கவும் சமாளிக்கவும் அமைக்கப்பட்ட அரசு ஆணையத்தின் தலைவர். திறந்து கிடக்கும் உலையை வானத்திலிருந்து மூட வேண்டும், அதுவும் உடனே தொடங்க வேண்டும் என்பது ஷெர்பினாவின் உத்தரவு. ஹெலிகாப்டர்கள் இன்னும் வந்து சேரவில்லை. எங்கே இறக்குவது, எதைக் கொட்டுவது, எப்படிக் கொட்டுவது என்று சொல்ல யாருமில்லை. இதைப் போன்ற ஒரு வேலையை உலகத்தில் யாரும் அதுவரை செய்ததும் இல்லை.

செர்னோபில் பற்றிப் பேசும்போது தீயணைப்பு வீரர்களைப் பேசுகிறோம், விஞ்ஞானி வலேரி லெகாசோவைப் பேசுகிறோம். வானத்தில் பறந்தவர்கள் பெரும்பாலும் பின்னணிக் காட்சியாகவே நின்றுவிடுகிறார்கள். அந்தோஷ்கினின் கதை வழியாக அவர்கள் செய்த வேலை என்ன, அது பலித்ததா, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பார்க்கலாம்.

அந்தோஷ்கின் 1942 டிசம்பர் 19 அன்று பாஷ்கிரியாவில் குஸ்மினோவ்கா என்ற கிராமத்தில் பிறந்தவர். ஓரன்பர்க் விமானிகள் பள்ளியில் படித்து 1965இல் வெளியே வந்தார். யூரி ககாரின் படித்த அதே பள்ளி. அதன் பிறகு உளவு விமானப் பிரிவுகளில் ஜெட் விமானம் ஓட்டினார். படிப்படியாக உயர்ந்து, ராணுவத்தின் மேல்நிலைக் கல்விக்கூடங்களில் படித்து, ஜெனரல் ஆனார். இதில் கவனிக்க வேண்டியது, ஹெலிகாப்டர் அவருடைய துறையே இல்லை. ஆனால் அந்த ராத்திரி தேவைப்பட்டது நல்ல கைப்பழக்கம் உள்ள ஒரு விமானி மட்டும் இல்லை. எந்தத் தளத்தில் எத்தனை ஹெலிகாப்டர் இருக்கிறது, எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும், எரிபொருள் எங்கே, இறங்க இடம் எங்கே, யார் வழிகாட்டுவது என்று எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். உளவு விமானி என்றால் இலக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதும் பழகிய வேலை.

ஏன் ஹெலிகாப்டர்?

கூடங்குளத்துக் கடற்கரையில் தூரத்திலிருந்தே தெரியும் அந்தக் குமிழ் போன்ற காங்கிரீட் கூடுகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். செர்னோபில் உலைகளுக்கு அப்படி ஒரு கூடு கிடையாது. ஆர்.பி.எம்.கே. என்ற அந்த வகை உலையின் மேல்பகுதி ஒரு பெரிய தொழிற்சாலைக் கூடத்துக்குள் இருந்தது; மேலே இருந்தது சாதாரணக் கூரைதான். வெடிப்பில் கூரை பறந்துபோயிற்று. உலையின் மேல்மூடி, சுமார் 2,000 டன் எடையுள்ள வட்டத் தகடு, தூக்கி எறியப்பட்டு விளிம்பில் சாய்ந்து நின்றது. உள்ளே சுமார் 190 டன் யுரேனிய எரிபொருள் இருந்தது. அதைச் சுற்றி 1,700 டன் அளவுக்குக் கிராஃபைட். கிராஃபைட் என்பது கரிதானே, அது எரியத் தொடங்கியது. எரியும் சூடு கதிரியக்கத் துகள்களை நேராக வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று.

முதலில் தண்ணீர் செலுத்திப் பார்த்தார்கள். குழாய்கள் உடைந்து கிடந்ததால் அது உலைக்குப் போகாமல் அடித்தளத்தில் தேங்கி, பக்கத்து உலைகளுக்கும் ஆபத்தாகத் தொடங்கியது. தரைவழியாக உலையை நெருங்க முடியாது. சுற்றிலும் கிராஃபைட் துண்டுகளும் எரிபொருள் துண்டுகளும் சிதறிக் கிடந்தன. மிச்சமிருந்தது வானம் மட்டும்தான்.

எதைக் கொட்டுவது என்பதை லெகாசோவும் மற்ற நிபுணர்களும் முடிவு செய்தார்கள். போரான் கார்பைடு, அணுப்பிளவைத் தூண்டும் நியூட்ரான்களை விழுங்கும். தொடர்வினை மறுபடி பற்றிக்கொள்ளாமல் தடுக்கும். டோலமைட் கல் சூட்டில் சிதைந்து கரியமில வாயுவை வெளிவிடும், அது நெருப்பை மூச்சுத் திணறச் செய்யும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகி, சூட்டை உறிஞ்சிக்கொண்டு படலமாகப் படியும். மணலும் களிமண்ணும் வடிகட்டி போல மேலே படிந்து துகள்களைப் பிடித்து நிறுத்தும். காகிதத்தில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

நகரச் சதுக்கத்தில் மணல் மூட்டை

ஏப்ரல் 27 காலை ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கத் தொடங்கின. இறங்கிய இடம் பிரிப்யாத்தின் நடுச் சதுக்கம், கட்சி அலுவலகத்துக்கும் பொலிஸ்யா ஓட்டலுக்கும் முன்னால். மணல் கிடைத்தது ஆற்றுத்துறைப் பக்கம். மூட்டை கட்ட ஆட்களும் இல்லை, கயிறும் இல்லை. ஷெர்பினா அவசரப்படுத்தியதில், அமைச்சகத்தின் உயர் அதிகாரிகளும் அந்தோஷ்கினும் தாங்களே மண்வெட்டி எடுத்து மணல் அள்ளி மூட்டை கட்டினார்கள். உடலில் எந்தப் பாதுகாப்புக் கவசமும் இல்லாமல் வியர்க்க வியர்க்க வேலை செய்தார்கள். அப்புறம்தான் பக்கத்துக் கூட்டுப்பண்ணை ஆட்கள் உதவிக்கு வந்தார்கள்.

அந்த நேரத்தில் நகரத்து மக்கள் இன்னும் வீடுகளில்தான் இருந்தார்கள். சுமார் 49,000 பேரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றும் வேலை அன்று பிற்பகல் 2 மணிக்குத்தான் தொடங்கியது. ஹெலிகாப்டரின் இறக்கைக் காற்று தரையில் படிந்த கதிரியக்கத் தூசியைக் கிளப்பி, அதே தெருக்களில் மறுபடி பரப்பியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஹெலிகாப்டர் கட்டாயம் தேவை என்று ராத்திரியே முடிவெடுத்தவர்களுக்கு, ஜனங்களை அந்த ராத்திரியே அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றாமல் போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இறங்குதளத்தை நகரத்துக்கு வெளியே மாற்றியது பிறகு நடந்தது.

குழிக்கு மேலே

முதல் பறத்தலை நடத்தியவர்களில் ஒருவர் கர்னல் போரிஸ் நெஸ்தெரோவ். தரையிலிருந்து வழிகாட்டுவதற்கு ஓட்டலின் கூரையையே கட்டுப்பாட்டுக் கோபுரமாக மாற்றிக்கொண்டார்கள். அங்கே நின்று உலையையும் ஹெலிகாப்டரையும் கண்ணால் பார்த்து, வானொலியில் வலப்பக்கம், இடப்பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பணியில் கர்னல் லுபோமிர் மிம்காவின் பெயர் முக்கியமானது.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விமானி சுமார் 200 மீட்டர் உயரத்தில் நெருங்குவார். உலைக்குப் பக்கத்திலேயே 150 மீட்டர் உயரப் புகைபோக்கி நிற்கிறது, அதைத் தவிர்க்க வேண்டும். மேலே எழும்பும் சூடான காற்று வண்டியை உலுக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஹெலிகாப்டரின் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சின் திணறும். ஆப்கானிஸ்தான் மலைகளில் வெயிலில் பறந்து பழகியவர்கள் பலர் இந்த வேலைக்கு வந்ததற்கு இது ஒரு காரணம். குழிக்கு நேர்மேலே வந்ததும் வண்டியை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். கூடச் செல்லும் பொறியாளர் பக்கக் கதவைத் திறந்து, கீழே எட்டிப் பார்த்து, கண்ணால் குறி பார்த்து மூட்டையைத் தள்ள வேண்டும். ஒரு மூட்டை, அடுத்த மூட்டை, அதற்கடுத்தது. சிவப்பாகக் கனன்ற இடம்தான் இலக்கு.

அந்த மனிதர் எட்டிப் பார்த்தது திறந்த உலைக்குள். கதிர்வீச்சுக்கும் அவர் முகத்துக்கும் நடுவே காற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. உலைக்கு 110 மீட்டர் மேலே மணிக்கு 500 ரோன்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) பதிவானதாகவும், மூட்டை விழுந்து தூசி கிளம்பியதும் அது 1,800 வரை போனதாகவும் அப்போதைய குறிப்புகள் சொல்கின்றன. உடல் முழுவதும் சில நூறு ரோன்ட்ஜன் பட்டாலே உயிருக்கு ஆபத்து. அதாவது கணக்கு நிமிடங்களில் இருந்தது. முதல் நாட்களில் பறந்தவர்கள் வாந்தியெடுத்தார்கள், தொண்டை கரகரத்தது, வாயில் உலோகச் சுவை தங்கியது. ஈயத் தகடுகளை இருக்கைக்கு அடியிலும் தரையிலும் விரிக்கத் தொடங்கியது பிறகுதான். முதலில் அதைத் தாங்களாகவே செய்துகொண்டார்கள்.

இங்கேதான் அந்தோஷ்கினின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. கையால் மூட்டை தள்ளும் முறை நீடித்தால் விமானிகள் எல்லோரும் சில நாளில் படுத்துவிடுவார்கள். அவர் பழைய பாராசூட்டுகளைத் தலைகீழாக மாற்றிப் பையாக்கச் சொன்னார். ஒரு பாராசூட் துணிக்குள் பத்துப் பதினைந்து மூட்டைகளைப் போட்டு, கயிறுகளைச் சேர்த்துக் கட்டி, ஹெலிகாப்டருக்கு வெளியே கொக்கியில் தொங்கவிட வேண்டும். குழிக்கு மேலே வந்ததும் விமானி பொத்தானை அழுத்தினால் மொத்தமும் விழும். கதவைத் திறக்க வேண்டாம், யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம், நிமிடக்கணக்கில் அந்தரத்தில் நிற்கவும் வேண்டாம். ஒரு துண்டுத் துணி பலருடைய உடம்பில் ஏறியிருக்கக்கூடிய கதிர்வீச்சைக் குறைத்தது. செர்னோபில் வானத்தில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் அளவு பெருகியது. சிறிய எம்.ஐ. 8களோடு எம்.ஐ. 6களும், 20 டன் தூக்கக்கூடிய எம்.ஐ. 26களும் வந்தன. நாட்டின் பல பக்கங்களிலிருந்து படைப்பிரிவுகளை வரவழைத்து, முறைவைத்து மாற்றினார்கள். மே மாதத் தொடக்கத்துக்குள் சுமார் 1,800 பறத்தல்களில் ஏறத்தாழ 5,000 டன் கொட்டப்பட்டது. அதில் ஈயம் 2,400 டன், மணலும் களிமண்ணும் 1,800 டன், டோலமைட் 800 டன், போரான் கார்பைடு 40 டன்.

குறி தவறியதா?

வெளியேறிய கதிரியக்கத்தின் அளவு முதல் நாளுக்குப் பிறகு மெல்ல இறங்கியது. மணலும் ஈயமும் வேலை செய்கின்றன என்று எல்லோரும் நம்பினார்கள். மே 2க்குப் பிறகு அது மறுபடி ஏறியது. மே 5 அன்று, மிகக் குறைந்திருந்த நாளைப் போல நான்கு மடங்கு வெளியேறியது. மே 6 அன்று திடீரென்று விழுந்தது. சோவியத் அரசு அந்த ஆகஸ்டில் வியன்னாவில் சமர்ப்பித்த அறிக்கையிலேயே இந்த ஏற்ற இறக்கம் இருந்தது.

ஏன் ஏறியது? மேலே கொட்டிய போர்வை சூட்டை உள்ளேயே அடைத்து வைத்ததால் எரிபொருள் மேலும் சூடானது என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இத்தனை ஆயிரம் டன் எடை விழுந்ததில் உலையின் அடிப்பகுதி உடைந்து, கீழே தேங்கியிருக்கும் தண்ணீரில் உருகிய எரிபொருள் விழுந்தால் நீராவி வெடிப்பு நிகழலாம். அந்தத் தண்ணீரை வெளியேற்ற மூன்று பேர் இருட்டான அடித்தளத்துக்குள் இறங்கி வால்வைத் திறந்த சம்பவம் இதன் தொடர்ச்சிதான்.

1988இல் மாஸ்கோவின் குர்ச்சாத்தோவ் அணு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுவரில் துளை போட்டு, உலைக் குழிக்குள் பெரிஸ்கோப் செலுத்திப் பார்த்தார்கள். எரிபொருள் நிறைந்து, அதன் மேல் மணலும் ஈயமும் மலையாகக் குவிந்திருக்கும் என்று எதிர்பார்த்த இடம் ஏறத்தாழக் காலியாக இருந்தது. எரிபொருள் உருகி, அடிப்பகுதியின் கனிமப் பொருட்களோடு கலந்து, எரிமலைக் குழம்பு போலக் கீழ் அறைகளுக்கு ஓடிப் பரவி, அங்கே ஆறி இறுகிப்போயிருந்தது. இறுகிய அந்தக் குழம்பில் ஈயம் மிகச் சொற்பமே தென்பட்டது. கொட்டிய பொருளில் பெரும்பகுதி குழிக்குப் பக்கத்தில், மையக் கூடத்தின் தரையில் பல மீட்டர் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. சாய்ந்து நின்ற அந்த 2,000 டன் மூடி குழியின் வாயைப் பெரும்பாலும் மறைத்திருந்தது. விமானிகள் குறிபார்த்த சிவப்புக் கனல் உலையின் வாயாக இல்லாமலும் இருந்திருக்கலாம். மே 6 அன்று கதிரியக்கம் விழுந்ததற்கு, குழம்பு கீழே பரவி ஆறியதே முக்கியக் காரணம் என்று பல ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

அப்படியானால் எல்லாம் வீணா? இந்தக் கேள்வியை அந்த விமானிகளின் குடும்பத்தார் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியுமா என்று எண்ணிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். போரானில் கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம். சிதறிக் கிடந்த எரிபொருள் துண்டுகளை மணல் மூடியதால் பின்னால் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்திருக்கலாம். ஆனால் உலையை அணைத்தது அந்த 5,000 டன் என்று சொல்லச் சான்று இல்லை.

அந்தோஷ்கினைக் குறை சொல்ல எனக்கு இதில் இடம் தெரியவில்லை. மூடி எப்படி நிற்கிறது, எரிபொருள் எங்கே இருக்கிறது என்பதை ஏப்ரல் 27 அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. சும்மா இருப்பது என்ற முடிவை அன்று எந்த நாட்டு அரசும் எடுத்திருக்காது. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆணையம் ஒவ்வொரு நாளும் கேட்ட கேள்வி, இன்று எத்தனை டன் என்பதுதான். நேற்று இத்தனை, இன்று அதைவிட அதிகம் என்றால் திருப்தி. எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க வழியில்லாதபோது, எண்ணிப் பார்க்க முடிந்ததை எண்ணினார்கள். அந்த எண்ணைக் கூட்டுவதற்காக ஒரே ஆளை ஒரே நாளில் பலமுறை குழிக்கு மேலே அனுப்பினார்கள். 25 ரெம் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்கியவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற வரம்பு உறுதியானது அதற்குப் பிறகு. முதல் நாட்களில் பறந்தவர்களின் கதிர்வீச்சு அளவு ஒழுங்காகப் பதிவாகவே இல்லை.

2011 மார்ச் 17 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் இதே போன்ற ஒரு காட்சியை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. தற்காப்புப் படையின் சினூக் ஹெலிகாப்டர்கள் கடல்நீரை அள்ளி வந்து, தலா 7.5 டன் வீதம் நான்கு தடவை கொட்டின. தரையில் டங்ஸ்டன் தகடு விரித்திருந்தார்கள். முந்தைய நாள் கதிர்வீச்சு அதிகமென்று பறக்காமலே திரும்பியிருந்தார்கள். தண்ணீரில் பெரும்பகுதி காற்றில் சிதறியது. நான்கு தடவையோடு நிறுத்திக்கொண்டு, தரையிலிருந்து பீய்ச்சும் வண்டிகளுக்கு மாறினார்கள். செர்னோபில் விமானிகள் உடம்பால் கற்றுக்கொண்ட பாடம் கால் நூற்றாண்டு கழித்து அங்கே பயன்பட்டது என்றே எனக்குப் படுகிறது.

மற்ற விமானிகள்

மூட்டை போடும் கட்டம் முடிந்த பிறகும் ஹெலிகாப்டர்களின் வேலை முடியவில்லை. உலைக்குள் சூடும் கதிர்வீச்சும் எவ்வளவு என்று அளக்கக் கருவிகளை உள்ளே இறக்க வேண்டியிருந்தது. கீவைச் சேர்ந்த சோதனை விமானி மிக்கோலா மெல்னிக், 1986 ஜூனில் கா. 27 ஹெலிகாப்டரில் 18 மீட்டர் நீளக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு எடுத்துச் சென்று இடிபாட்டுக்குள் செருகினார். குழாயின் தடிமன் பத்து சென்டிமீட்டர்தான். ஊசியில் நூல் கோப்பதைப் போன்ற வேலை. அந்தப் பணிக்கு வைத்த பெயரும் 'ஊசி' என்பதுதான். பின்னாளில் ஸ்பெயினில் குடியேறிய அவர் 2013இல் காலமானார்.

அனத்தோலி கிரிஷெங்கோ, மாஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள குரோமோவ் பறத்தல் ஆய்வு நிறுவனத்தின் சோதனை விமானி. ஹெலிகாப்டருக்கு வெளியே கனமான சுமையைத் தொங்கவிட்டுப் பறப்பதில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. அதனாலேயே எம்.ஐ. 26ஐ ஓட்டச் செர்னோபிலுக்கு அழைக்கப்பட்டார். பின்னர் இரத்தப் புற்றுநோய் வந்தது. 1990இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. மஜ்ஜை தந்தவர் ஒரு பிரெஞ்சுப் பெண். பனிப்போரின் கடைசி மாதங்களில் மூன்று நாடுகள் சேர்ந்து ஒரு விமானியைக் காப்பாற்றப் பார்த்தன. அந்த ஜூலையில் அவர் இறந்துபோனார். விபத்து நடந்த சில மாதங்களில் கடும் கதிர்வீச்சு நோயால் இறந்த 28 பேர் பெரும்பாலும் நிலைய ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும். விமானிகளின் நோய்கள் அப்படி ஒரே பட்டியலில் அடங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வெவ்வேறு ஊர்களின் மருத்துவமனைகளில், தனித்தனியாக வந்தன.

1986 அக்டோபர் 2 அன்று, உலையை மூடும் காங்கிரீட் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, ஒரு எம்.ஐ. 8 ஹெலிகாப்டரின் இறக்கை பாரந்தூக்கியின் கம்பிவடத்தில் பட்டு அறுந்தது. வண்டி உலைக் கட்டடத்தின் பக்கத்தில் விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். கேப்டன் விளாதிமிர் வொரோபியோவ் தலைமையில் பறந்த குழு அது. இந்தக் காட்சி படம்பிடிக்கப்பட்டதால், மூட்டை போட்ட முதல் நாட்களில் நடந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஐந்து மாதம் கழித்து நடந்தது. கதிர்வீச்சு வண்டியை வீழ்த்தவில்லை, கம்பிவடம்தான் வீழ்த்தியது.

அந்தோஷ்கினுக்கு 1986 டிசம்பர் 24 அன்று சோவியத் நாயகன் விருது தரப்பட்டது. மாஸ்கோ ராணுவ மண்டல விமானப்படைக்குத் தலைமை தாங்கினார். ரஷ்ய விமானப்படையின் துணைத் தலைமைத் தளபதியாகி, 1998இல் கர்னல் ஜெனரலாக ஓய்வு பெற்றார். கடைசி ஆண்டுகளில் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 2021 ஜனவரியில், 78 வயதில் இறந்தார்.

அவர் வரவழைத்த ஹெலிகாப்டர்களில் பல ஊர் திரும்பவே இல்லை. எவ்வளவு கழுவியும் கதிரியக்கம் போகாததால், ரஸ்ஸோக்கா என்ற கைவிடப்பட்ட கிராமத்தின் திடலில் தீயணைப்பு வண்டிகளோடும் கவச வண்டிகளோடும் வரிசையாக நிறுத்தப்பட்டன. இறக்கைகள் தொங்கிப்போன எம்.ஐ. 6களும் எம்.ஐ. 8களும் பல ஆண்டுகள் புல்லுக்கு நடுவே அப்படியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாக வெட்டி அப்புறப்படுத்தினார்கள்.